அகப்படாத இரட்டை

வெள்ளறடை சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஜெஸி, வாசகசாலை முகப்பில் கட்டியிருந்த துணியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். 'புதிய துகள் கண்டுபிடித்த டாக்டர் ஜெஸிக்கு வரவேற்பு.' குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் எலியாவின் ஏற்பாடு.

"அண்ணா, நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல்லியே!"

"பின்ன இத்தன வருஷம் ஜெர்மனியில என்ன செய்த மக்கா?"

நடந்துகொண்டே சொன்னாள். ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஓர் இரட்டை உண்டு என்கிறது மீச்சீர்மைக் கொள்கை. எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளையும் பெருவேகத்தில் மோதவிட்டால் அந்த இரட்டை பிறக்கலாம். கனம் கூடக்கூட மோதலின் ஆற்றலும் கூட வேண்டும். ஜெர்மனியில் அவளுடைய குழு இயக்கிய எந்திரம் எட்டுகிற கனம் வரை தேடியாயிற்று. அகப்படவில்லை.

"செரி, அத மேடையில சொல்லாண்டாம். மைக் செட்டு பாறசாலையில இருந்தாக்கும் வந்திருக்கு!"

மேடையேறியவளுக்குப் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

முன்வரிசையிலிருந்து வேலாயுதன் எழுந்தார். நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, ஜெஸியின் அப்பாவோடு சேர்ந்து நிலவுடைமையாளரான ஜன்மியை எதிர்த்து வழக்காடி, குடியிருந்த மண்ணைச் சொந்தமாக்கிக்கொண்டவர்.

"இல்லாத ஒண்ணுக்கா மக்கா டாக்டர் பட்டம் குடுத்தாவ?"

கூட்டம் சிரித்தது. ஜெஸிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, எல்லைக்கல்லு தெங்கு மரத்து மூட்டுல கிடக்குன்னு ஜன்மி சாதிச்சாருல்லா? தோண்டிப் பாத்தாவ, இல்ல. கல்லு வேற எங்கயாவது கிடக்கலாம். ஆனா அவரு சொன்னது தப்புன்னு ஆச்சு. அதுபோலயாக்கும் இதும். இரட்டை லேசா இருக்கும்னு சொன்ன கணக்கெல்லாம் தள்ளுபடி. உண்டுன்னா, இன்னும் கனமா இருக்கணும்."

"அப்போ கேசு ஜெயிச்சாச்சு!" வேலாயுதன் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் பள்ளிக்கூட டீச்சர் விஜயம்மா அருகில் வந்தார். "அந்த இரட்டை கருவியில படாம நழுவிப் போனா, நமக்கு எப்படி தெரியும்?"

ஜெஸியின் முகம் மலர்ந்தது. "மோதலுக்கு முன்ன உள்ள ஆற்றல் மோதின பிறகும் இருக்கணும் டீச்சர். எண்ணிப் பாத்து குறைஞ்சா, ஏதோ ஒண்ணு சத்தமில்லாம போயிருக்கு. அந்தக் குறையத்தான் தேடினோம்."

"மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆறுது, வாங்க!" என்று எலியா கத்தினான். சுற்றி நின்று கேட்டவர்கள் யாரும் அசையவில்லை. கூப்பிட்டுச் சலித்தவன், தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தக் குறைய எப்படி அளப்பிய?" என்று தங்கையைக் கேட்டான்.