லிஸ்பன், நாலு புலன் குறைச்சல்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் யக்ஞநாராயணனுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் கோட்ட மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பேசி முடித்தாலும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பது மேலாளரின் கடமை என்று நம்பிய தலைமுறை. உத்தியோகம் முடிந்து போயிற்று. கேள்வி மட்டும் வீட்டோடு வந்துவிட்டது.

சிட்லபாக்கம் லக்ஷ்மிகாந்தம் நகர் மூத்த குடிமக்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு போய் வந்தவர் மாதக் கூட்டத்தில் அனுபவ உரை ஆற்றியாக வேண்டும். ஆற்றுவது உரை, காட்டுவது போட்டோ, கொடுப்பது சாக்லேட். சாக்லேட் தட்டு கடைசி வரிசையைத் தொட்டதும் உரை முடிந்துவிட வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத விதி. ஜூலை மாதக் கூட்டத்தில் மன்றச் செயலாளர் சத்யநாராயணன் சிங்கப்பூரைக் காட்டினார். பாதிப் படங்களில் அவரே நின்று சிங்கப்பூரை மறைத்துக்கொண்டிருந்தார். விளக்கைப் போட்டதும் யக்ஞநாராயணன் எழுந்தார்.

"சார், பகவான் நமக்கு அஞ்சு புலன் கொடுத்திருக்கான். நீங்க கண்ணை மட்டும் சிங்கப்பூருக்குக் கூட்டிண்டு போயிருக்கேள். மத்த நாலும் இங்கேயே வீட்டைப் பார்த்துண்டு இருந்துதா?"

கூடம் சிரித்தது. சத்யநாராயணனும் சிரித்தார். அதைப் பார்த்தபோதே யக்ஞநாராயணன் உஷாராகியிருக்க வேண்டும். நன்றியுரையின் நடுவில் செயலாளர் அறிவித்தார்: அடுத்த கூட்டத்தில், அண்மையில் லிஸ்பன் மாநகரம் சென்று திரும்பிய நம் யக்ஞநாராயணன் அவர்கள் 'ஐம்புலன்களில் லிஸ்பன்' என்ற தலைப்பில் உரையாற்றுவார். மறுநாள் காலை நகர் நுழைவு வளைவில் பேனர் தொங்கியது. அவர் படத்துக்குக் கீழே ஒரு கண், ஒரு காது, ஒரு மூக்கு, ஒரு நாக்கு, ஒரு கை வரிசையாக அச்சாகி, ஏதோ ஆஸ்பத்திரி விளம்பரம் போல இருந்தது.

அன்று மத்தியானம் அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தன் லிஸ்பனைத் தேடிப் பார்த்தார்.

கண்ணுக்குக் குறைவில்லை. ஆயிரத்துச் சொச்சம் போட்டோ இருந்தது. ஆனால் அத்தனையும் போன் பார்த்தது. அவர் பார்த்தது போனை. காதில் நான்கு நாளும் டூர் கம்பெனி கொடுத்த கருவி இருந்தது. அதில் வழிகாட்டி இடைவிடாமல் தமிழில் வருஷங்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். மூக்கை அவரே அடைத்துக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கினாலே தெருவெல்லாம் மீன் புகை. பச்சைக் கற்பூரம் தடவிய முகமூடியை மாட்டி, மனைவி வேதாவுக்கும் ஒன்று மாட்டிவிட்டார். கைக்கு மணிக்கொரு தரம் சானிடைசர். நாக்கைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 'நம்ம ஊர் சமையல்காரர் உடன் வருகிறார்' என்ற ஒரு வரிக்காகவே அந்த டூரில் சேர்ந்தவர் அவர். லிஸ்பனில் அவர் சாப்பிட்ட எலுமிச்சம்சாதத்தை மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாணத்தில் பரிமாறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வேதாவிடம் போய், லிஸ்பன் என்ன வாசனை அடித்தது என்று விசாரித்தார்.

"கற்பூர வாசனை. நீங்கதானே மாட்டிவிட்டேள்," என்றாள் அவள்.

பெங்களூரில் இருக்கும் மகன் நிகில் ஆபீஸ் வேலையாக ஒரு முறை லிஸ்பனில் சில நாள் இருந்தவன். அவனைப் போனில் பிடித்தார். அவர் போயிருந்த ஜூன் மாசம்தான் அங்கே அந்தோணியார் திருவிழா என்றும், ஊர் முழுக்க வாசலில் கரியடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவார்கள் என்றும், அந்தப் புகைதான் லிஸ்பன் என்றும் அவன் சொன்னான். "அதை விட்டுட்டு வந்தா நீங்க லிஸ்பன் போகவே இல்லைப்பா. மத்தி நம்ம ஊர்லயும் கிடைக்கும், கோவளம் போய் மோந்து பாருங்க," என்று கேலியாக முடித்தான்.

மேலாளர்கள் கேலியைக் கேலி என்று எடுத்துக்கொள்வதில்லை. நடவடிக்கை எடுப்பார்கள்.

மறுநாள் காலை வேதாவிடம் ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கேளம்பாக்கம் வழியாகப் பஸ் மாறிக் கோவளத்தில் இறங்கினார். படகுகள் கரை ஏறியிருந்தன. மணலில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு குடைக்குக் கீழே அருள்மேரி என்ற பெண்மணி மீன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வருகிறவர்களுக்குப் பொரித்துத் தர ஓர் அடுப்பு. வஞ்சிரம் இருக்கிறது, சங்கரா இருக்கிறது என்று அவள் ஆரம்பித்தாள். யக்ஞநாராயணன் நாலடி தள்ளி நின்றபடியே தன் தேவையை விளக்கினார். மத்தி வேண்டும். பொரிக்கக் கூடாது, கரியில் சுட வேண்டும். பார்சல் வேண்டாம். தான் சைவம்.

"அப்ப யாருக்கு சார் சுடறது?"

"வாசனை மட்டும் பார்க்கணும்."

அருள்மேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். படகடியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த புருஷன் சவுரிமுத்துவைக் கூப்பிட்டாள். "யோவ், இங்க வந்து பாரு. இந்த சாரு மீனை மூக்கால துன்னப் போறாராம்."

சவுரிமுத்து வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்று மரியாதையாகக் கேட்டான்.

மீன் கரியில் ஏறியது. முதல் புகை வந்ததும் யக்ஞநாராயணன் வழக்கப்படி பின்வாங்கினார். முடி கருகுகிற மாதிரி ஒரு நெடி. பிறகு உப்பு. எண்ணெய் சொட்டிக் கரி சீறியபோது, நெடி மாறி, வேர்க்கடலை வறுக்கிற வாசனைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. காற்று திசை மாறிப் புகை அந்தப் பக்கம் போயிற்று. அவரும் அந்தப் பக்கம் போனார். மறுபடி திரும்பியது, திரும்பினார். இப்படி அடுப்பைச் சுற்றி அரைப் பிரதட்சிணம் முடிந்தபோது, மூக்கு அடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"கிட்ட வராதே சார், மீசை பொசுங்கிடும்," என்றாள் அருள்மேரி. எதற்கு இந்தக் கூத்து என்று விசாரித்தாள். அவர் லிஸ்பன் என்று ஆரம்பித்து, அந்தோணியார் திருவிழா என்று முடிப்பதற்குள் அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அந்தோணியார் பொறந்த ஊருக்கா சார் போய்கினு வந்தே? அவரு பொறந்த எடத்துல கோயிலு கீதாமே. உள்ள போனியா?"

நடந்தது இதுதான். பஸ் அந்தக் கோயில் வாசலில்தான் நின்றது. இருபது நிமிஷம் என்றான் வழிகாட்டி. அதே சமயம் சமையல்காரர் எலுமிச்சம்சாத டப்பாவைத் திறந்தார். யக்ஞநாராயணன் கோயில் படியில், கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். ஆனால் 'தெரியாது' என்ற சொல்லை அவர் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

"போனேனே," என்றார். வாய் அதன்பாட்டுக்குப் போயிற்று. உள்ளே இருட்டு, மெழுகுவர்த்தி, கீழே இறங்கும் கல்படி, அந்தோணியார் பிறந்த இடத்துக் கல். "தொட்டுக்கூடப் பார்த்தேன். சில்லுன்னு இருந்தது."

"எந்தக் கையி?"

அவர் வலது கையைக் காட்டினார். அருள்மேரி அதை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணில் ஒற்றி, மறு கண்ணில் ஒற்றினாள். சவுரிமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, தனக்கும் ஒரு தரம் கேட்டு வாங்கி ஒற்றிக்கொண்டான். இரண்டு பேர் கையும் ஈரமாக, சொரசொரப்பாக, எதிர்பாராத அளவுக்குச் சூடாக இருந்தன. யக்ஞநாராயணன் மீனுக்கான காசை வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

பஸ்ஸில் அந்தக் கையை மடியில் வேறு யாருடைய சாமானோ போல வைத்துக்கொண்டு வந்தார். மீன் செதில் ஒன்று கட்டைவிரலில் ஒட்டி மின்னியது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போனார். வீட்டில் வேதா கதவைத் திறந்து, மூக்கைச் சுளித்து, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். லிஸ்பனுக்கு என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வாளியில் வெந்நீர் விளாவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூடம் நிரம்பியது. சத்யநாராயணன் முன்னுரையில் பேச்சாளரை 'உலகம் சுற்றிய உணர்வுச் செம்மல்' என்றார். முதல் வரிசையில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார், கேள்வி தயார். யக்ஞநாராயணன் கையில் பொன்னாடை போல மடித்த ஏழு பக்க உரை இருந்தது. கோயிலுக்குள் போனதும் கல்லைத் தொட்டதும் அதில் இரண்டாம் பக்கத்தில் அழகாக வந்திருந்தன. மைக்கைச் சரி செய்ய வலது கையைத் தூக்கினார். கை அங்கேயே நின்றது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களுக்குச் சொன்ன பொய்யை இவர்களுக்கும் ஒருமுறை சொல்ல அவருக்குக் கூசியது.

உரையை மேசையில் வைத்துவிட்டார். லிஸ்பனைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தார். படியில் உட்கார்ந்து எலுமிச்சம்சாதம் சாப்பிட்டதைச் சொன்னார். பிறகு கோவளத்துக்குப் போனதை, அடுப்பைச் சுற்றியதை, கோயிலுக்குள் போனதாகப் புளுகியதை, அவர்கள் கையைப் பிடித்ததைச் சொன்னார். இனி அவமானம்தான் பாக்கி என்று அவர் நினைத்தார்.

மூன்றாவது வரிசையிலிருந்து சரோஜினி மாமி கையைத் தூக்கினாள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சின்ன வெங்காயம்கூட வாங்காதவள். குரலைத் தணித்துக் கேட்டாள்: "அந்த வாசனை நிஜமாவே வேர்க்கடலை மாதிரியா இருந்தது?"

அதற்குப் பிறகு கட்டுப்படுத்த முடியவில்லை. எந்தப் பக்கக் காற்றில் நின்றால் நல்லது, செதில் ஒட்டினால் அரிக்குமா, ஏலத்தில் என்ன கத்துகிறார்கள். நாற்பது வருஷமாக அந்த வழியே கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள். லிஸ்பனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சாக்லேட் தட்டு நடுவழியில் யார் மடியிலோ தங்கிவிட்டது.

கடைசியில் சத்யநாராயணன் எழுந்தார். பேனாவை விரல் போல நீட்டினார். "மூக்கு ஆச்சு, காது ஆச்சு, கையும் ஆச்சு. நாக்கு என்ன ஆச்சு சார்? லிஸ்பன்ல எலுமிச்சம்சாதம். கோவளத்துல? சாப்டேளா?"

எல்லாத் தலையும் திரும்பியது. சாப்பிட்டேன் என்றால் நாளை முதல் மன்றத்தில் அவர் பெயர் வேறு. இல்லை என்றால் பேனர் பொய்.

"இல்லை," என்றார் யக்ஞநாராயணன். "பயந்துட்டேன்."

"அப்போ ஒரு புலன் குறையறது," என்று சத்யநாராயணன் திருப்தியோடு உட்காரப் போனார்.

"அதை நான் சொல்றேன்," என்று பெண்கள் பக்கத்திலிருந்து வேதா எழுந்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மைக்குக்கு வந்தாள். மைக்கின் உயரம் அவளுக்குச் சரியாக இல்லை. புருஷன் தாழ்த்திக் கொடுத்தார்.

லிஸ்பன் தெருக் கடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகாரம், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கொடுத்தார்கள் என்றாள். வெளியே அப்பளம் போல ஏடு ஏடாக நொறுங்கும். உள்ளே திரட்டுப்பால் பதத்துக்கு ஒரு படி முன்னால். மேலே அங்கங்கே கருகல். கருகின இடத்தில்தான் ருசி. நாக்கு சுட்டுவிட்டது, சுட்டது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"முட்டை போட்டதா?" என்றாள் சரோஜினி மாமி.

"முட்டைதான் அது. மீதியெல்லாம் பேருக்கு."

யக்ஞநாராயணன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவர் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. "எப்போ?"

"பஸ் கிளம்பறதுக்குள்ள முன் சீட்டுக்குத் துண்டு போட ஓடுவேளே. அப்போ."

"ஒரு நாளா?"

"தினமும்."

யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். யக்ஞநாராயணன் மேடையிலிருந்து இறங்கினார். பெண்கள் பக்கம் போய் வேதாவின் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். வேதா மேலே பட்டைத் தூள் தூவுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையைத் தூக்கினார்.

"அந்தப் பட்டைத் தூளை அவாளே போட்டுத் தராளா, நாம போட்டுக்கணுமா?"

"நாமதான்," என்றாள் வேதா. "எவ்வளவு வேணா போட்டுக்கலாம்."