மறுபடி வர வேண்டாம்

1.
இந்தக் கதை என்னிடம் நல்ல செய்தியாகத்தான் வந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி (பேர் வேண்டாம்). மணிக்கட்டில் லேசான முறிவோடு வரும் பிள்ளைகளுக்கு இனி மாவுக்கட்டு கிடையாது. கழற்றி மாட்டும் பட்டைதான். மூன்று வாரத்தில் வீட்டிலேயே கழற்றிவிடலாம், மறுபடி வர வேண்டியதில்லை. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவள் என் சிநேகிதி ஜெபிஷா, எலும்புப் பிரிவு நர்ஸ், நாசரேத்துக்காரி. சந்தோஷமாக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

2.
தொடக்கம்: "முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த உப்பளத்துத் தாய்மார்கள் வெயிலில்—"

வேண்டாம். அழுகை வியாபாரம்.

இன்னொன்று: "ஜெபிஷாவுக்குத் தலைகால் புரியவில்லை." இது நிஜம், இருக்கட்டும். அந்தத் தாய்மார்களின் ஒரு நாள் பிழைப்பு வீணாகக் கூடாதென்று பெரிய டாக்டரோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள்.

(குறிப்பு: இந்த முறிவில் எலும்பு ஒடிவதில்லை, ஒரு பக்கம் நெளிகிறது, தானே கூடிவிடும். வைத்தியத்தில் தப்பே இல்லை. தப்பு இருந்தால் எனக்கு எழுத லேசாக இருந்திருக்கும்.)

3.
பானுப்ரியாவுக்கு ஒன்பது வயது. வேம்பாரிலிருந்து அப்பா இசக்கியப்பன் கூட்டி வந்தார்.

"எப்படிளா விழுந்த?" என்று ஜெபிஷா கேட்டாள்.

"படியில தவறி விழுந்துட்டா சிஸ்டர்," என்றார் அப்பா.

ஜெபிஷா பட்டையை மாட்டினாள். "மூணு வாரம். பொறவு அப்பாவே கழட்டிருவாரு."

"நான் எப்ப வரணும் சிஸ்டர்?"

"நீ வரவே வேண்டாம்."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட!" ஜெபிஷா சிரித்தாள். மற்ற பிள்ளைகள் இதைக் கேட்டால் குதிக்கும். இவள் பக்கத்துப் பெஞ்சில் எலும்பே ஒடிந்து மாவுக்கட்டோடு இருந்த பெண்ணைக் காட்டினாள்.

"அந்த அக்காவ மட்டும் வரச் சொல்லுதீங்க?"

"ஏளா, எந்திரி," என்றார் அப்பா. அவர் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்துவிட்டாள்.

4.
இசக்கியப்பன் விஷயத்தில் எனக்கே சந்தேகம். அவரை வில்லனாக்க என்னிடம் ஆதாரமில்லை. மகளின் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டார், செருப்பை மாட்டிவிட்டார். தவறி விழுந்தாளா, தள்ளிவிட்டார்களா என்று எக்ஸ்ரே சொல்லாது.

முன்பெல்லாம் பிள்ளைகள் கட்டுப் பிரிக்க மறுபடி வரும்போது அம்மாவும் உடன் வருவாள். பிள்ளையும் பயம் தெளிந்து வாய் திறக்கும். "அந்த ரெண்டாவது வாட்டிய நாந்தான்க்கா எடுத்துட்டேன்," என்றாள் ஜெபிஷா.

போன வாரம் சீட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"கை சரியாயிட்டு சிஸ்டர்."

"பிள்ளைட்ட குடுங்க அண்ணாச்சி."

"பள்ளிக்கூடம் போயிருக்கா."

அன்று ஞாயிற்றுக்கிழமை.

5.
முடிவு ஒன்று: ஜெபிஷா வேம்பாருக்குப் போகிறாள். பிள்ளை தெருவில் கயிறு தாண்டிக்கொண்டிருக்கிறாள், கையில் ஒரு குறையுமில்லை. ஜெபிஷா வெட்கப்பட்டுத் திரும்புகிறாள்.

முடிவு இரண்டு: போகிறாள். கதவைத் திறந்த பானுப்ரியாவின் மற்றொரு கை—

(அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்கிறாள். ஆட்கள் ஜீப்பில் வருகிறார்கள். எல்லாம் பொய்யென்றால் அந்த மனிதர் ஊரில் எப்படித் தலைநிமிர்வார்? நிஜமென்றால், ஜீப் போனபிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

ஜெபிஷாவுக்கும் இதே குழப்பம்தான். "நீங்க எழுதுங்கக்கா. நீங்க எழுதுறபடி செய்யுதேன்," என்று அவள் சொல்லி நான்கு நாளாகிறது. நான் அந்த நான்கு நாளும் தொடக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்று காலையும் கேட்டாள், "முடிவு ஆயிட்டாக்கா?"

இன்னும் ரெண்டு நாள் பொறு என்றேன். அந்த ரெண்டு நாளும் பானுப்ரியா எந்த வீட்டில் இருப்பாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதுவதென்றால் சீக்கிரம் எழுதுங்கள்.