லீவரா, பெடலா

1

ஒரு வலது காலின் விலை ஆயிரத்து நூறு டாலர். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, இரண்டு விலைச்சீட்டைப் பார்த்துக் கழித்துச் சொல்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பெடல் வண்டி: வலது காலால் அழுத்தினால் போகும், காலை எடுத்தால் நிற்கும். மூவாயிரத்து இருநூறு. மற்றது லீவர் வண்டி: எல்லாம் கைவேலை, கால் சும்மா கிடக்கும். நாலாயிரத்து முந்நூறு.

கதை எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஏப்ரலில், தெற்கு இண்டியானாவில் நான் குடியிருக்கும் ஊரில், புல்வெட்டிக் கடைக்கு ஒரு பிளேடு வாங்கப் போயிருந்தேன். ஒரு பெரியவர் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, பெடலில் கால் வைத்துவிட்டு, வைத்தோமா என்று குனிந்து பார்த்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். [முழு உண்மை இல்லை. இன்னும் ஒன்று பார்த்தேன். கடைசியில் வரும்.] மீதிச் சரக்கெல்லாம் நான் போட்டது.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

'அந்த மேட்டுச் சரிவில் வசந்தம் பச்சை விரித்தபோது வெர்லின் கட்ஷால் தன்'

வேண்டாம். வசந்தம் பச்சை விரித்தால் அதை வெட்ட வேண்டும், அதுதான் இங்கே தொல்லை.

இரண்டாவது:

'ஏன் இந்தக் கிழவர் லீவர் வண்டிக்கே ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று நோரீனுக்குப் புரியவில்லை.'

ஒற்றைக் கால் என்பது தற்செயலாக வந்து விழுந்தது. நல்ல வாக்கியம்தான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் காரணத்தைக் கடைசிவரை முந்தானையில் முடிந்துவைக்க வேண்டும். துணிக்கடைக் கல்லாப் பக்கம் வளர்ந்தவன் நான். டேமேஜ் இருந்தால் மடிப்பை விரித்து முதலிலேயே காட்டிவிடுவது எங்கள் வழக்கம். விரிக்கிறேன்:

வெர்லின் கட்ஷாலுக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை. வலது காலில் உணர்ச்சி போய்விட்டது. மார்கழிக் குளிரில் கராஜில் ஒரு திருகாணியை மிதித்து, அது பாதத்தில் ஏறியதே தெரியாமல் சாப்பாட்டு மேசைவரை நடந்து வந்தார். ரத்தம் பட்ட காலுறையைக் குப்பையில் போட்டு மேலே பழைய செய்தித்தாளை அமுக்கினார். மனைவி நோரீனிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர், டாக்டர் சொன்னால் லைசென்ஸ், லைசென்ஸ் போனால் பிக்கப் வண்டி. லீவர் வண்டி வாங்கிவிட்டால் காலைப் பற்றிய பேச்சே எழாது.

இன்னொரு பக்கத்தையும் விரிக்கிறேன். அவர்கள் வீட்டுப் புல் மூன்று ஏக்கர், பின்பக்கம் குளத்துக்குச் சரிகிறது. சரிவில் லீவர் வண்டி ஆகாது. முன்சக்கரம் இரண்டும் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி எப்படியும் திரும்பும். வழுக்க ஆரம்பித்தால் குளம்வரை வழுக்கும், பிறகு ஆள் கீழே, வண்டி மேலே.

ஆக லீவர் வாங்கினால் குளம், பெடல் வாங்கினால் கால்.

3

"லீவர் வண்டிதான்" என்றார் வெர்லின். "வேகம். மரத்தச் சுத்தி அழகாத் திரும்பும். இடுப்புக்கும் நல்லது."

[மூன்று காரணம். ஒரு காரணம் சொல்பவரை என் அப்பா நம்புவார். மூன்று சொன்னால், சொல்லாத நாலாவதைத் தேடி முகத்தைப் பார்ப்பார்.]

நோரீனும் பார்த்தாள். பெட்ரோல் இரண்டு காசு குறைவு என்று பக்கத்து ஊர்வரை போகிற மனுஷன், ஆயிரத்து நூறை ஊதாரி மாதிரி அள்ளி விடுகிறார்.

"உன் இடுப்புக்கு என்ன வந்துச்சு?"

"வயசு வந்துச்சு."

விற்பனைக்காரன் கிப் தொண்டையைக் கனைத்தான். "சரிவு எவ்வளவு இருக்கும் சார்?"

"பதினாலு டிகிரி."

"பதினேழு" என்றாள் நோரீன். "பலகையப் போட்டு அதுமேல ஃபோன வச்சுப் பாத்தேன். காலையில."

"யாரு உன்ன அளக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான கரையில நின்னு ஆம்புலன்ஸக் கூப்பிடணும்."

கிப் லீவர் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டை விரலால் தொட்டுக் காட்டினான். பதினைந்துக்கு மேல் கூடாது.

4

இந்தக் கிப்மேல் எனக்குச் சந்தேகம். விலை கூடின சரக்கைக் கேட்டு வந்தவரிடம், குறைந்ததை எடுங்கள் என்று சீட்டைக் காட்டுகிற விற்பனைக்காரனை நான் கண்டதில்லை. ஒரு வரைவில் அவனைப் பேராசைக்காரனாக்கினேன்: சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு 'பதினேழெல்லாம் ஒரு சரிவா மேடம்' என்கிறான். படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் அப்போது குற்றம் அவன் தலையில் ஏறிவிடுகிறது, வெர்லின் தப்பித்துவிடுகிறார். ஆகவே கிப்பை நல்லவனாகவே விட்டேன். நஷ்டம் அவனுக்கு.

5

"பெடல் வண்டில சும்மா ஒரு சுத்து சுத்திப் பாரு" என்றாள் நோரீன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"தெரியும். அதான் ஓட்டச் சொல்றேன்."

கடைக்குப் பின்னால் ஓட்டிப் பார்க்க ஒரு மண்மேடு. வெர்லின் ஏறி உட்கார்ந்தார். பூட்ஸைப் பெடல்மேல் வைத்தார். குனிந்து பார்த்தார்.

மேலே ஏறியது சுலபம். இறங்கும்போது கண்ணுக்கு இரண்டு வேலை வந்துவிட்டது: பாதையைப் பார்க்க வேண்டும், பாதத்தையும் பார்க்க வேண்டும். பாதையைப் பார்த்தார். பாதையின் முடிவில், வேலிக்கு முன்னால், கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நோரீன் நின்றாள்.

நகருவாள் என்று அவர் நினைத்தார். வேகத்தைக் குறைப்பார் என்று அவள் நினைத்தாள்.

"கால எடு" என்றாள். கத்தவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து தட்டை எடு என்கிற குரல்.

"எடுத்துட்டேன்" என்றார்.

வண்டி வந்துகொண்டேயிருந்தது.

"வெர்லின். கால எடு."

"எடுத்துட்டேன்னு சொல்றேன்ல."

[இந்த இடத்தில் மூன்று நாள் எழுத முடியாமல் நின்றேன். அவர் பொய் சொல்லவில்லை. எடுத்துவிட்டதாகத்தான் அவருக்குத் தெரிந்தது.]

அப்போது குனிந்தார். பெடல்மேல் ஒரு பூட்ஸ் அழுத்திக்கொண்டிருந்தது. யாருடையதோ மாதிரி. காலுக்குச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், இரண்டு கையையும் ஊன்றி இருக்கையைவிட்டு எழுந்தார். இருக்கையில் ஆள் இல்லையென்றால் எஞ்சின் தானே அணையும். அணைந்தது. வண்டியின் மூக்கு நோரீனின் கைப்பையை முட்டி நின்றது.

கிப் ஓடிவந்தான். "பாத்தீங்களா, சேஃப்டி நல்லா வேல செய்யுது."

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

"முன்னால சரியாத் தெரியல, அதான் எந்திரிச்சேன்" என்றார் வெர்லின்.

நோரீன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைப் பார்த்தாள். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பெடல்மேல் இருக்கும் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"இறங்குங்க" என்றாள்.*

* அவர்கள் மொழியில் நீயும் நீங்களும் ஒரே சொல். தமிழில் எழுதுகிறவன்தான் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்ய வேண்டும். இதுவரை 'நீ' போட்டேன். இந்த இடத்தில் கை தானாக 'ங்க' சேர்த்தது. அது மரியாதையா, கோபமா, வயதானவரைக் கைபிடித்து இறக்கும் குரலா, எனக்கே தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. வெர்லினுக்குத்தான் சுருக்கென்றது.

பிறகு அவள் கிப்பிடம் சொன்னாள்: "சீட்ட முன்னால தள்ளிக் குடுப்பா. எனக்குக் கால் எட்டாது."

"நீ எதுக்கு ஏறுற? ஒரு நாளாவது புல் வெட்டியிருக்கியா?"

"ஊர்ப் பிள்ளைங்களயெல்லாம் பனியில ஏத்திட்டுப் போனவ. புல்லு என்ன, எந்திரிச்சு ஓடவா போகுது?"

இருக்கை கிளிக் கிளிக்கென்று நாலு பல் முன்னால் போனது. அவர் உயரத்துக்கு இனி அந்த வண்டியில் முழங்கால் நுழையாது. பெடலா லீவரா என்ற கேள்வி அங்கே தீர்ந்தது.

கதையும் தீர்ந்தது என்று பேனாவை மூடினேன். மூடியபின் பிக்கப் வண்டி ஞாபகம் வந்தது.

6

பிக்கப்புக்குப் பின்னால் இழுவண்டி, அதன்மேல் புல்வெட்டி, பட்டை போட்டுக் கட்டியாகிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு நீண்ட இறக்கம் உண்டு, ஆற்றுப் பாலத்தில் போய் முடியும். இவ்வளவு எடையைப் பின்னால் வைத்துக்கொண்டு அதில் இறங்க பிரேக்கின்மேல் நல்ல கால் வேண்டும். பேருந்து ஓட்டியவள் என்றாலும், இத்தனை வருஷமாக வீட்டு வண்டியில் நோரீனுக்குப் பக்கத்து இருக்கைதான். பிக்கப்பில் இருக்கையைவிட்டு எழுந்தால் எஞ்சின் அணையாது.

சாவி வெர்லின் கையில். நோரீன் உள்ளங்கையை நீட்டியிருக்கிறாள்.

முடிவு ஒன்று: கொடுக்கிறார். மறுபக்கம் சுற்றிப்போய் ஏறி, கண்ணாடி வழியாக வெளியே பார்க்கிறார். நல்ல முடிவு. ஆனால் அவ்வளவு சீக்கிரம் கொடுப்பவராக இருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

முடிவு இரண்டு: பாலத்தில்... நான் அதை எழுதமாட்டேன்.

முடிவு மூன்று: அவரே ஓட்டுகிறார், ஒன்றும் ஆவதில்லை, பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறார்கள். எனக்கு மிகவும் பயம் இந்த மூன்றாவதைப் பார்த்துத்தான். நாளையும் ஓட்டுவார்.

நான் மறைத்த இன்னொன்று இதுதான்: அந்த நீட்டிய கையைக் கடை வாசலிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். 'சாவிய' என்று அவள் சொன்னதும் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கிப் பில்லோடு கூப்பிட, உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். 'குடு' என்றால் ஒரு கதை, 'குடுங்க' என்றால் வேறு கதை.

7

கணக்கு.

பெடல் வண்டி: 3,200.
பழைய வண்டிக்குக் கழிவு: 150.
கிப் பயத்தில் இலவசமாகச் சேர்த்த பிளேடு: 0. (அதே பிளேடுக்கு என்னிடம் முழு விலை வாங்கினான்.)
கட்ஷால் தம்பதி செலுத்தியது, வரி தனி: 3,050.
லீவர் வண்டி வாங்காததில் மிச்சம்: 1,100.
பணக் கணக்கு நேர்.

வரவேண்டியது: சாவி ஒன்று.
வந்தது: