இந்தக் கதையில் இல்லாத ஏழு சொற்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் முதல் வரியை நான் திருடினேன். திருடியதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அது இருந்த இடம் இப்போது இப்படிக் கிடக்கிறது:

[                                        ]

ஏழு சொற்கள், கடைசியில் ஒரு கேள்விக்குறி. அதை நான் பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காலை ஏழரை மணிக்கு, வெறும் வயிற்றில். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். வெறும் வயிற்றோடு ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து இன்னொரு முறை.

ரத்தம் எடுத்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கூட வேலை பார்ப்பவர்கள் அவரை முகத்துக்கு நேரே அக்கா என்றும், அந்தப் பக்கம் போனதும் நரம்பக்கா என்றும் சொல்வார்கள். குண்டுக் கையோ குச்சிக் கையோ, முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாராம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிப்பதற்குள், "முடிஞ்சுது சார், பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்றார்.

பிறகு மேல்தட்டிலிருந்து புதுக் குழாய்ப் பெட்டியை எடுக்க எட்டினார். மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருந்த வெள்ளைக் கோட்டின் கை முழங்கைக்குச் சரிந்தது. முன்கையின் உட்பக்கம் அந்த வரி பச்சை குத்தியிருந்தது. அச்செழுத்து இல்லை, அவசரமான கையெழுத்து. கேள்விக்குறிக்குக் கீழே ஒரு மைத் திட்டு.

எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. (பசியும் ஒரு காரணம். ஆனால் எழுத்தாளன் நல்ல வரியைப் பார்க்கிற பார்வையும் கறிக்கடை வாசலில் பூனை பார்க்கிற பார்வையும் ஒன்றுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது, பின்னால் வரும்.)

2

எதிர்க்கடையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, காத்திருப்போர் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் நோட்டைத் திறந்தேன். பக்கத்தின் தலையில் அந்த வரியை எழுதி அடிக்கோடிட்டேன். அதற்குக் கீழே எழுதிப் பார்த்த தொடக்கங்கள் இவை:

"அவள் கையில் ஒரு ரகசியம் இருந்தது." சீ.

"பச்சை குத்துகிற ஊசி உள்ளே விடுகிறது, ரத்தம் எடுக்கிற ஊசி வெளியே..." இரண்டு ஊசியைக் கண்டதும் ஒப்பிடக் கிளம்பிவிட்டேன். பாதியில் நிறுத்தியது அப்படியே கிடக்கட்டும்.

"கைவிட்டுப் போனவனை நினைத்து அவள் அதைக் குத்திக்கொண்டாள்." இதை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் ஓட்டினேன். ஒரு துரோகி, ஒரு ரயில், ஒரு மழை. எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். நோட்டைத் திறந்தபடியே மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். நரம்பக்கா ரப்பர் பட்டையைக் கட்டினார், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். அவருடைய கை நின்றுவிட்டது.

"இது உங்க நோட்டா சார்?"

"ஆமாம்மா. நான் கதை எழுதுறவன்."

"அப்படியா. கையை இறுக்கி மூடுங்க."

குத்தினார். ரத்தம் குழாயில் ஏறியது. அவர் குரலை உயர்த்தவில்லை. வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"பத்தாவது ஆள் நீங்க."

3

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எனக்குப் பரிசோதனை. இனி வருவது அடுத்தடுத்த மூன்று முறைகளில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "என்ன வேணா எழுதுங்க. அந்த வரி மட்டும் வரக் கூடாது." அந்த வரி இருந்த பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். துரோகி, ரயில், மழை எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

என்னைப் பார்ப்பதற்கு நான்கு மாதம் முன்பு ஒரு காலை. வரிசையில் பதினேழாவது ஆளாக ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தாள். புதிதாகக் கல்யாணம் ஆனவள் போலிருந்தது. ஊசி என்றால் பயமாம், தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பக்கா அவள் சட்டைக் கையை மடித்துவிட்டார். உள்ளே அவருடைய கையெழுத்து இருந்தது.

வரி மட்டும் என்றால்கூட, யாருக்கோ அதே கேள்வி தோன்றியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய எழுத்து, அவருடைய சாய்வு, கேள்விக்குறிக்குக் கீழே அவருடைய மைத் திட்டு. எல்லாம் அப்படி அப்படியே இன்னொருத்தி கையில் இருந்தன.

"இந்தப் புள்ளி என்னம்மா?" என்று கேட்டார். வேறு எதையும் கேட்க வாய் வரவில்லை.

"அதுவா? கண்ணீர்த்துளிக்கா. டிசைன்."

அன்றைக்கு நரம்பக்காவுக்கு நரம்பு தப்பியது. பதினெட்டு வருஷ வேலையில் அப்படி நடந்ததில்லை. மறுபடி குத்தினார், மறுபடியும் தப்பியது. அந்தப் பெண்ணின் கை கன்றிப்போனது. பக்கத்து மேஜைக்காரி வந்து எடுத்துக் கொடுத்தாள். நரம்பக்கா கழிப்பறைக்குள் போய்க் கோட்டின் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இறக்கியேதான் வைத்திருக்கிறார்.

4

பச்சை குத்துகிறவர் நல்ல மனிதர். கதைக்கு இது பெரிய தொந்தரவு. அவரைக் கெட்டவராக்க நானும் இரண்டு பக்கம் முயன்று பார்த்தேன், ஒட்டவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு படத்தைத் தோலில் ஒற்றி எடுக்கும் நீலத் தாளை அவர் தூக்கி எறிவதில்லை. "உழைச்சது, குப்பைக்குப் போகலாமா?" என்று ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் ஒட்டிவைப்பார். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து, "இது போடுங்க" என்று விரலை வைப்பார்கள். பதினாலாம் பக்கத்தில், கழுகுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் நரம்பக்காவின் வரி இருந்தது.

"எத்தனை பேருக்குத் தம்பி போட்டிருக்கே?" என்று நரம்பக்கா நேரில் போய்க் கேட்டார்.

அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு டிரைவர், இரண்டு காலேஜ் பெண்கள், தோளில் போட்டுக்கொண்ட ஒரு தாடிக்காரர், தாயும் மகளுமாக வந்த ஒரு ஜோடி... "ஒம்பது பேருக்குக்கா. நல்ல வரி, அதான் எல்லாரும் கேக்குறாங்க."

"நான் எதுக்குப் போட்டுக்கிட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

அவர் முகம் விழுந்துவிட்டது. தெரியும். குத்தும்போது நரம்பக்கா அவரிடம் சொல்லியிருந்தார். இவர் அதை மறந்துவிட்டுத் தாளை மட்டும் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

"தப்புதான்கா. ஒரு தடவை உங்கள கேட்டிருக்கணும்."

பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். ஒன்பது பேரின் தோலை என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

5

இங்கே ஒரு வக்கீல் வருகிறார். இவர்மேல் எனக்குச் சந்தேகம்.

அவர் சொன்னதாக நரம்பக்கா சொன்னது: "கையெழுத்தை ஓவியம்னு சொல்லி வேணா கொஞ்சம் வாதாடிப் பார்க்கலாம்மா. ஏழு வார்த்தைக்கு வேலி போடுறது கஷ்டம். அதுவுமில்லாம, மனுவுல அந்த வரிய எழுதித்தானே ஆகணும்? கோர்ட்ல வாசிப்பாங்க. நாலு பேர் கேப்பாங்க, பத்திரிகையில போடுவாங்க. இப்ப ஒம்பது பேர்கிட்ட இருக்கு, அப்புறம் ஊருக்கே தெரிஞ்சுடும்."

என் கதைக்கு இவ்வளவு வசதியாகப் பேசுகிற எவரையும் நான் நம்புவதில்லை. காக்க வேண்டுமென்றால் அம்பலப்படுத்த வேண்டும் என்பது என்னைப் போன்ற ஆசாமி யோசிக்கிற யோசனை. "நிஜமாவே இப்படித்தான் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"முக்கால் மணி நேரம் பேசினார் சார். நான் சுருக்கிச் சொல்றேன்."

அவர் சுருக்கிய விதத்தைப் பார்த்தால், இந்தக் கதையை அவரே எழுதியிருக்கலாம்.

6

இதை நேராகவே சொல்கிறேன், என் சேட்டை எதுவும் இல்லாமல்.

நரம்பக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அந்த ஏழு சொற்கள் பன்னிரண்டு வருஷமாக அவர்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தகராறு. இவர் கேட்பார், அவர் மழுப்புவார். பேச்சை மாற்றுவார், திருகாணியைத் தேடுவார். பெரிய விஷயமெல்லாம் இல்லை. அடுத்த வீட்டில் கேட்டால், இதற்கா என்று சிரிப்பார்கள்.

அவருக்கு ஒரு ஆபரேஷன். அறைக் கதவுக்கு வெளியே தள்ளுபடுக்கை ஒரு நிமிஷம் நின்றது. என்ன பேசுவதென்று தெரியாமல் நரம்பக்கா அந்தக் கேள்வியையே மறுபடி கேட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் சொன்னார். கதவு திறந்தது, உள்ளே போனார்.

"முழிச்சதும் நான் சொல்லவே இல்லைம்பார் சார். அவரைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதனால மருந்துச் சீட்டுப் பின்னாடி கேள்விய எழுதினேன். கீழ அவர் சொன்னதையும் எழுதி, முழிச்சதும் கையெழுத்து வாங்கிடலாம்னு இருந்தேன். கேள்விக்குறி போட்டேன். டாக்டர் வெளிய வந்தார்."

பேனா அந்த இடத்திலேயே ஊன்றி நின்றுவிட்டது. அந்தத் திட்டு அதுதான்.

ஒன்பது பேர் அதைக் கண்ணீர்த்துளி என்று நினைத்துச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

7

முடிவுகள். இதுவரை எழுதிப் பார்த்தவை.

முதல் முடிவில் நரம்பக்கா வழக்கில் ஜெயிக்கிறார். ஒன்பது பேரும் ஆயுள் முழுக்க முழுக்கைச் சட்டை போட வேண்டும் என்று தீர்ப்பு. எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

இரண்டாவதில் அவர் தன் வரியை மறைத்துக்கொள்கிறார். இது நான் கட்டியது இல்லை, முக்கால்வாசி நடந்தது. அந்தத் தம்பி மனசு கேட்காமல் ஒரு கொடி வரைந்து வைத்திருந்தார். வரி முழுவதையும் இலைகள் மூடிவிடும். நரம்பக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நீலத் தாளை ஒற்றி எடுத்தாகிவிட்டது.

"இந்தப் புள்ளிய மட்டும் மொட்டாக்கிடலாம்கா" என்றார் தம்பி.

நரம்பக்கா எழுந்துவிட்டார். "கழுவி விட்டுடு தம்பி. தப்பா நெனச்சுக்காதே."

மூன்றாவது முடிவில்

அதை எழுத ஆரம்பித்த வாரம் அந்த இளம்பெண் மறுபடி பரிசோதனைக்கு வந்துவிட்டாள். நான் கற்பனை செய்ய எதுவும் மிச்சமில்லை. நரம்பக்கா அவளை உட்காரவைத்து, தன் கோட்டின் கையை முழங்கைக்கு மேலே மடித்துக் காட்டினார்.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ, அக்கா. ஆல்பத்துல பார்த்தேன். சும்மா யாரோ எழுதினதுன்னு..."

"நான்தாம்மா அந்த யாரோ."

"அழிச்சுடட்டுமா?"

"வலிக்கும். விடு."

அவள் கையை நீட்டினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டுல தினம் இதே பேச்சுதான்கா. இதுக்கு என்ன பதில்னு அவர் ஒண்ணு சொல்லுவார், நான் ஒண்ணு சொல்லுவேன். நிஜமா என்னக்கா பதில்?"

நரம்பக்கா பட்டையைக் கட்டினார், குத்தினார். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. "கையை மடக்கிப் பிடி" என்றார். என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ஒருத்தருக்கும் தெரியல சார். ஒம்பது பேர்ல ஒருத்தருக்கும் தெரியல."

இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. அடுத்த பரிசோதனைக்கு நான் போகாமல் இருந்திருக்க வேண்டும்.

8

போன பரிசோதனை. இரண்டாம் ரத்தம் எடுத்து முடிந்தது. பின்னால் ஆள் இல்லை.

"சார், நேத்து பஸ்ல வரும்போது அவர் சொன்னத நெனச்சுப் பார்த்தேன். ஒரு வார்த்தை டக்குனு வரல. ரெண்டு ஸ்டாப் தாண்டினப்புறம்தான் வந்துச்சு. பயந்துட்டேன்."

"எழுதி வெச்சுக்கலாமேம்மா."

"எழுதினதுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னைத் தவிர இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் மறந்துட்டுக் கேட்டா நீங்க சொல்லணும். எழுதக் கூடாது."

"ஏன்மா நானு? நான் எடுத்தவனாச்சே."

"பத்து பேர்ல திருப்பிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான் சார்."

சொன்னார். சின்ன வாக்கியம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றும் போனது. நாற்பது வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒரு கடைசி வரி என் கைக்கு வந்ததே இல்லை.

9

எனக்கு வயது அறுபத்து நான்கு. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவன். எதையும் எழுதிவைக்காமல் ஞாபகம் வைத்துப் பழக்கமே இல்லை. ஒரு நாள் பயம் தாங்காமல் இந்தப் பக்கத்தின் அடியில் எழுதினேன். பார்த்தேன். கிழித்து, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதனால்தான் இந்தக் கடைசித் தாள் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கிறது.*

(* அச்சில் இது தெரியாது. நம்புங்கள்.)

அதற்குப் பிறகு, காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்து மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். உதடு அசைகிறது போலிருக்கிறது.

"தினமும் என்ன முணுமுணுக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"முப்பத்தொரு வருஷமா, நீங்க ஒண்ணுமில்லைன்னா அதுல ஏதோ இருக்கும். எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"உன்கிட்டகூடத்தான்."

அவள் கொஞ்சம் முறைத்தாள். ஆனால் மறுபடி கேட்கவில்லை.

வரும் வியாழக்கிழமை எனக்குப் பரிசோதனை. நரம்பக்கா பஞ்சை வைத்து அழுத்தியபடி, "ஞாபகம் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடலாம். அது ஒரு முடிவு. "அவர் என்ன சார் சொன்னார்?" என்றே கேட்டுவிடலாம். அது இன்னொரு முடிவு. இரண்டில் எது என்பதை வாசிக்கிற நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எழுதத் தைரியம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கீழே இருக்கிற அடைப்புக்குறிக்குள் எதையும் எழுதிப் பார்க்காதீர்கள், பென்சிலில்கூட வேண்டாம்.

[                              ]

இன்று காலையும் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்கூடக் குறையவில்லை.