தெரியாது என்று சொன்ன சாட்சி

சுட்ட உருளைக்கிழங்கை ஒரு கையாலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு அகோரப் பசி, கிழங்கோ கொதிக்கக் கொதிக்க இருந்தது. பிரிஸ்டலின் மேட்டுத் தெருவில் பாதி ஏறியிருந்த நான், கைவண்டியின் பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். கிழங்கு என்னிடம் வந்தது. வண்டி வந்த வழியே துறைமுகத்தைப் பார்த்துப் போனது.

வண்டியில் ஒரு பீப்பாய் இருந்தது. பீப்பாய் நிறைய ரம். ரம்முக்குள், போர்னியோவில் இருந்து ஒரு கப்பல் கேப்டன் அனுப்பிய, செத்துப்போன ஒராங்குட்டான் குரங்குக் குட்டி. கெடாமல் வர வேறு சாராயம் கிடைக்காததால் தன் மாலுமிகளின் ரம்மிலேயே ஊறப் போட்டிருந்தார் கேப்டன். அதை மியூசியத்துக்குக் கொண்டு சேர்ப்பது, அங்கே உயிரினங்களை ஆராயும் டாக்டர் பெல்லமியின் உதவியாளனான என் வேலை. பெல்லமி என் கூடத்தான் வந்தார். வண்டி புறப்பட்ட நேரத்தில் அவர் பத்தடி பின்னால், ஒரு மதில் சுவரின் பாசியில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். கிழங்கைக் கீழே போட்டிருக்கலாம். வாயில் போட்டுக்கொண்டு ஓடினேன். நாக்கு வெந்தது. வாயைத் திறந்து "ஹோ ஹோ" என்று ஊதிக்கொண்டே வண்டியை எட்டிப் பிடித்தபோது, வண்டி குதிரைகள் தண்ணீர் குடிக்கும் கல் தொட்டியில் மோதியது. பீப்பாய் உடைந்தது. கண் விழித்துப் பார்த்தால் தெருவில் உட்கார்ந்திருக்கிறேன். தலை முதல் பூட்ஸ் வரை ரம். மடியில், என் கழுத்தில் கை போட்டபடி ஒராங்குட்டான்.

கூட்டம் சேர்ந்தது.

"இதுல எது குடிச்சது, எது குடிக்கலே?" என்றாள் மீன்காரி ஒருத்தி.

"முடி அதிகமா இருக்கறது கொஞ்சம் நிதானமாத் தெரியுது" என்றான் பக்கத்தில் நின்றவன்.

கான்ஸ்டபிள் வந்து பெயரைக் கேட்டார். ஒபதியா டிரிக் என்று சொல்ல முயன்றேன். வெந்த நாக்கில் அது எப்படி வந்ததோ, எனக்கே புரியவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார். தலை சுற்றி அவர் மேலேயே விழுந்தேன். குடித்துவிட்டுப் பொது வீதியில் விழுந்து கிடந்தான் என்று எழுதிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். பீப்பாயில் கால்வாசி ரம் மோதலுக்கு முன்பே குறைந்திருந்தது என்பது அப்புறம் தெரிந்தது. வழியில் நான்தான் உறிஞ்சினேன் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மற்றவனுக்கு இது ஒரு சின்ன அபராதத்தோடு போகிற விஷயம். நான் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவன். அந்தச் சங்கத்தின் தலைவர் தொப்பிக்கடை ஹோஸ்கின்ஸ். அவர் மகள் கெசையாவுக்கும் எனக்கும் ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று பேச்சு. செய்தி கேட்டு ஹோஸ்கின்ஸ் ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பினார்: கோர்ட்டுக்கு நானும் வருவேன், ஒரு துளி உள்ளே போயிருந்தாலும் கல்யாணம் கிடையாது.

எங்கள் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவன் தனக்காகத் தானே சாட்சி சொல்ல முடியாது. கிழங்கு விற்றவன் தேடியும் கிடைக்காததால் எனக்கிருந்த ஒரே சாட்சி பெல்லமி. அங்கேதான் சிக்கல்.

அவரிடம் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் கேட்ட ஒரு கேள்விக்காவது ஆம், இல்லை என்று நேராகப் பதில் வந்ததில்லை. மழை வருமா என்றால் "மேகம் வரும் என்கிறது" என்பார். சூப்பில் உப்பு சரியா என்றால் "எதோடு ஒப்பிடும்போது?" என்பார். வியாழக்கிழமைகளில் தொழிலாளர்களுக்கு அவர் நடத்தும் வகுப்பில், குரங்கின் கையெலும்பையும் மனிதனின் கையெலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். ஒரு தடவை ஹோஸ்கின்ஸ் அங்கே வந்து எழுந்து நின்று, "அப்ப எங்க தாத்தா குரங்குங்கறீரா?" என்று கேட்டார். "உங்க தாத்தாவை நான் பார்த்ததில்லை" என்றார் பெல்லமி. அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே பார்த்ததில்லை. ஹோஸ்கின்ஸ் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

கடவுள் விஷயத்திலும் அப்படித்தான். நான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலான சேப்பலில் பாடிவிட்டுத் திங்கட்கிழமை குரங்கை அறுப்பவன், அதனால் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "தெரியாது, டிரிக்" என்றார். "அப்ப இல்லேன்னு வெச்சுக்கலாமா?" என்றேன். "அதுவும் தெரியாது. அது மூடின பீப்பாய் மாதிரி, இன்னும் யாரும் திறக்கலே. உள்ளே ஒண்ணும் இல்லேங்கறவனும் வெளியே தட்டிப் பார்த்துட்டுதான் சொல்றான்."

மனைவி எலினோரை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் எந்தக் கோயில் வாசலையும் மிதித்ததில்லை.

கோர்ட்டுக்கு நடந்து போகும்போது கெஞ்சினேன். "டாக்டர், சத்தியம் பண்ண பைபிளை நீட்டுவாங்க. முத்தம் குடுத்துடுங்க. வெறும் தோல் அட்டைதானே."

"அட்டைன்னா பரவாயில்லே. நம்பறேன்னு சொல்லச் சொல்வாங்களே."

"சொல்லிடுங்களேன். யாருக்கு நஷ்டம்?"

"உள்ளே போறதுக்கு ஒரு பொய் சொன்னா, உள்ளே போய்ச் சொல்ற உண்மைக்கு என்ன மதிப்பு?"

"எனக்கு அது கல்யாண மதிப்பு, டாக்டர்!"

அவர் நின்றார். "எலினோரை மறுபடி பார்ப்பேன்னு சொல்லிக்க எனக்கு எவ்வளவு ஆசை இருக்கும்னு நினைக்கறே? அடக்கத்தன்னிக்கு பாதிரியாரு அதைத்தான் சொல்லச் சொன்னாரு. அவளுக்காகவே சொல்லலே, டிரிக். உனக்காகச் சொல்வேனா?"

கோர்ட் வரைக்கும் அவருக்கு ஒரு அடி பின்னாலேயே நடந்தேன். வெந்த நாக்கு வேறு வலித்தது.

கோர்ட்டில் ஹோஸ்கின்ஸ் முதல் பெஞ்சில் கம்பு மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாம்பல் நிற பானெட் தொப்பியில் கெசையா. என்னைப் பார்த்தாள். என்ன நினைக்கிறாள் என்று முகம் காட்டிக்கொடுக்கவில்லை.

பெல்லமி சாட்சிக் கூண்டில் ஏறியதுமே மாஜிஸ்திரேட் முன்னால் சாய்ந்தார். வியாழக்கிழமை வகுப்புகளைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"சத்தியம் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கடவுள் உண்டுன்னும், பொய்ச் சத்தியத்துக்குச் செத்த பிறகு தண்டனை உண்டுன்னும் நம்பறீரா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா, இல்லேன்னு அர்த்தம்."

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருப்பேன், ஐயா."

குமாஸ்தா நல்ல மனுஷர், உதவ நினைத்தார். "நீங்க குவேக்கர் சபையா? குவேக்கருக்குச் சத்தியம் வேண்டாம், உறுதிமொழி போதும்."

"இல்லை."

"மொரேவியன் சபையா?"

"இல்லை."

"யூதரா? தொப்பி போட்டுக்கிட்டே பண்ணலாம்."

"இல்லை."

"ஏதாவது ஒண்ணா இருங்களேன் ஐயா" என்றார் குமாஸ்தா, அழாத குறையாக.

மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். நம்பிக்கை இல்லாதவன் சாட்சி சொல்லச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, இறங்கலாம் என்றார். பெல்லமி இறங்கவில்லை.

"ஒண்ணு சொல்லிக்கறேன். நான் பொய்யனா இருந்தா, முதல் கேள்விக்கே ஆமான்னு சொல்லியிருப்பேன். நீங்களும் என் சாட்சியை ஏத்துக்கிட்டிருப்பீங்க. பொய் சொல்லலேங்கறதுனாலதான் இறக்கறீங்க."

"இறங்கும், ஐயா."

இறங்கினார். எனக்கு அபராதம் விழுந்தது. மொத்தக் காரியமும் ஒரு உருளைக்கிழங்கு ஆறுகிற நேரத்துக்குள் முடிந்தது. அதை முன்பே ஆற விட்டிருந்தால் இது எதுவுமே இல்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஹோஸ்கின்ஸ் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். என்னைத் தாண்டிப் போய் பெல்லமியின் எதிரில் நின்றார்.

"இங்க பைபிள் கிடையாது, மாஜிஸ்திரேட் கிடையாது. மனுஷனுக்கு மனுஷன் கேக்கறேன். இவன் குடிச்சானா?"

நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லுங்கள் டாக்டர், ஒரே வார்த்தை.

"துறைமுகத்துல இருந்து மேட்டுத் தெரு பாதி வரைக்கும் என் கண் முன்னாடிதான் இருந்தான். குடிக்கலே" என்றார் பெல்லமி. நான் மூச்சு விட்டேன். "அதுக்கப்புறம் நான் ஒரு பாசியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

"டாக்டர்!" என்றேன். "அந்த நேரத்துல நான் கிழங்கு வாங்கிட்டிருந்தேன்!"

"நான் பார்க்கலையே."

"பீப்பாயில கால்வாசி குறைஞ்சிருந்ததே, அது?" என்றார் ஹோஸ்கின்ஸ்.

"போர்னியோவுல இருந்து வர்ற வரைக்கும் ரம் பக்கத்துல மாலுமிங்க இருந்திருக்காங்க. அவங்களா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா தெரியாது."

ஹோஸ்கின்ஸ் என் பக்கம் திரும்பினார். "சகோதரர் டிரிக், நீயாவது சொல்லு. ஒரு துளி உள்ள போச்சா?"

'இல்லை' என்று சொல்ல நாக்கைத் தூக்கினேன். சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்த நாக்குதான் ஞாபகப்படுத்தியது. பீப்பாய் உடைந்தபோது நான் வாயை ஆவென்று திறந்துகொண்டு ஊதிக்கொண்டிருந்தேன். ரம் ஆளுயரத்துக்கு எழும்பி முகத்தில் அடித்தது. வாயில் கிழங்கும் நெருப்பும் இருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. பக்கத்தில் பெல்லமி, இந்தப் பதிலுக்காக உலகம் காத்திருப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாழாய்ப்போன மனுஷர்.

"வேணும்னு குடிக்கலே" என்றேன். "ஆனா வாய் திறந்திருந்துச்சு. ஒரு துளி போச்சா இல்லையான்னா... தெரியாது, ஐயா."

"உனக்குமா?" என்று கத்தினார் ஹோஸ்கின்ஸ். "உன் வாயி, உனக்கே தெரியாதா? இதுதான் இவர்கிட்ட கத்துக்கிட்டியா?" கெசையாவின் கையைப் பிடித்தார். "வா போகலாம்."

கெசையா நகரவில்லை.

"அப்பா, போன வருஷம் தையல்காரர் வாட்லி குடிச்சுட்டு சேப்பல் வாசல்லயே விழுந்தாரே, எழுப்பினதும் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒரு சொட்டுக்கூடத் தொடலேன்னு சத்தியம் பண்ணினான்."

"பைபிள் மேலயா?"

"பைபிள் மேலயும் பண்ணினான், அவன் அம்மா மேலயும் பண்ணினான்."

"குடிச்சவன் ஒருத்தனாவது தெரியாதுன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

இருபது வருஷம் குடிகாரர்களைத் திருத்திய மனுஷர், அத்தனை பேரையும் ஒவ்வொருவராக மனதில் நிறுத்திக் கேட்டுப் பார்த்தாரோ என்னவோ, தூறல் அவர் தொப்பியில் சேர்ந்து விளிம்பில் சொட்ட ஆரம்பித்தது. அவர் கடையில் அவரே செய்த தொப்பி.

"ஒருத்தன்கூட இல்லை" என்றார் கடைசியில். பிறகு பெல்லமியை மேலும் கீழும் பார்த்தார். "நீரு அங்க ஒரு வார்த்தை சும்மா சொல்லியிருந்தா, இந்தப் பையன் தப்பிச்சிருப்பான்."

"ஆமாம்" என்றார் பெல்லமி. அவர் முகம் என்னவோ போலிருந்தது. "அது எனக்குத் தெரியும்."

"சொல்லியிருந்தா நான் உம்மை நம்பியிருக்க மாட்டேன்." ஹோஸ்கின்ஸ் என்னிடம் திரும்பினார். "கல்யாணம் ஈஸ்டர் முடிஞ்சு முதல் செவ்வாக்கிழமை. ரம் நாத்தம் அடிக்கற அந்த மேல்கோட்டை எரிச்சுடு. அதைப் போட்டுக்கிட்டு நீ சேப்பலுக்கு வந்தா, முன்வரிசையில பாதிப்பேரு பழைய வழிக்குத் திரும்பிடுவாங்க."

சும்மா இருந்திருக்கலாம், ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு வாய் அப்படி. "கெசையா, உனக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு. குரங்கைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருந்தியாமே" என்றாள். "அதைப் பத்திக் கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கலாம். இப்ப சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும். ரெண்டு பேரு. ஒண்ணு எங்க சித்தப்பா. இன்னொண்ணு நீதான் கேக்கணும்."

"கல்யாணப் புத்தகத்துல கையெழுத்துப் போடறவங்களை எதுவும் நம்பச் சொல்வாங்களா?" என்றேன்.

"பார்த்தியா, பார்க்கலையான்னுதான் கணக்கு. வேற எதுவும் கேக்க மாட்டாங்க."

பெல்லமி குடையைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அவரிடம் போனேன். சேப்பலுக்குள் வர வேண்டும், எலினோருக்குப் பிறகு முதல் தடவை. மேகம் என்ன சொல்கிறது என்பாரா, எதோடு ஒப்பிடும்போது என்பாரா என்று மனதுக்குள் எல்லாப் பதிலையும் தயார் செய்துகொண்டேதான் கேட்டேன்.

"டாக்டர், செவ்வாக்கிழமை வருவீங்களா?"

"வருவேன்" என்றார்.