ஒப்பிட எடுத்த ரத்தம்

மகனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வீட்டில் இப்போதெல்லாம் யாரும் பதறுவதில்லை. மத்தியானம் குளிருகிறது என்பான். சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாகிவிடும். மறுநாள் முழங்கால் வீங்கிப் பளபளக்கும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வடிந்து, ஒன்றுமே நடக்காததுபோலப் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அவனுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆரம்பத்தில் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் குழந்தைகளின் மூட்டு நோய் பார்க்கிற டாக்டரம்மாதான், இது பரம்பரையாக வருகிற காய்ச்சல் என்று சொன்னார்.

"யார் வழியா வந்தது டாக்டர்?" என்று மெக்கானிக் கேட்டார். கேட்கும்போது மனைவியின் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டார்.

"ரெண்டு பேர் வழியாவும்தான். ஆளுக்குப் பாதி. தனித்தனியா உங்கள அது ஒண்ணும் செய்யல. ரெண்டு பாதியும் இவன்கிட்ட வந்து சேர்ந்துடுச்சு."

யார் வீட்டுச் சீக்கு என்கிற புருஷன் பெண்டாட்டி சண்டை அன்றோடு நின்றது. பழி போட ஆள் இல்லாத வீட்டில் சண்டைக்கு என்ன வேலை? சண்டையோடு சேர்ந்து வேறு என்னென்னவோவும் நின்றுபோயின. மகன் வலியில் முனகும்போது மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றித் துணியை மாற்றுவார். கை தன்பாட்டில் வேலை செய்யும். உள்ளே எதுவும் அசையாது.

மகனுக்கு அடுத்தது ஒரு பெண். வைத்த பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது பள்ளிக்கூடத்தில்தான். வீட்டில் வாயாடி. ஒரு நாள் தும்மியதுகூடக் கிடையாது என்று அம்மாவே கண் வைக்கும் அளவுக்கு ஆரோக்கியம்.

மகனுக்கு மூட்டு வீக்கம் அடிக்கடி வர ஆரம்பித்ததும் டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை சொன்னார். "நம்ம உடம்பு சில சமயம் தன்னையே எதிரின்னு நெனச்சு எதிர்ப்பொருள் உண்டாக்கும். அது ரத்தத்துல இருந்தா, காய்ச்சலோட இன்னொரு மூட்டு நோயும் சேர்ந்திருக்கலாம். இந்தக் காய்ச்சல் இருக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும் பாத்துக்கிட்டிருக்கோம். ஒப்பிட்டுப் பாக்க நல்லா இருக்கிற பிள்ளைங்க ரத்தமும் தேவைப்படுது."

"நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று வாயாடி சட்டைக் கையைச் சுருட்டினாள். அண்ணனுக்கே எல்லாக் கவனமும் போகிற ஆஸ்பத்திரியில் அவளை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஊசியப் பாக்காதடி. அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றான் அண்ணன், அனுபவஸ்தன்.

அவள் கண் கொட்டாமல் ஊசியையே பார்த்தாள். மறுநாள் வகுப்பில் சொல்லாத ஆள் பாக்கியில்லை: "எங்க அண்ணன் ரத்தம் சரியா இருக்கான்னு என் ரத்தத்த வெச்சுத்தான் பாக்கறாங்க."

டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பியபோது மெக்கானிக் வேலை உடுப்போடு, கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே தனியாகப் போனார்.

"பையனுக்கு எதிர்ப்பொருள் எதுவும் இல்ல. வீக்கம் எல்லாம் அந்தக் காய்ச்சலோட வேலைதான். வேற நோய் சேரல."

"சந்தோஷம் டாக்டர்."

"பாப்பா ரத்தத்துல இருக்கு."

அவர் கை துடைப்பதை நிறுத்தினார். "ரெண்டு குழாயையும் மாத்தி வெச்சிருப்பாங்களோ?"

"நானும் அதத்தான் சந்தேகப்பட்டேன். மறுபடியும் சோதிச்சுட்டுத்தான் உங்களக் கூப்பிட்டேன். பயப்பட வேண்டாம். நல்லா இருக்கிற பிள்ளைங்கள்லயும் சிலருக்கு இது இருக்கும். கடைசி வரைக்கும் ஒண்ணுமே வராதவங்கதான் அதிகம்."

"மருந்து?"

"நோய் இல்லாம எதுக்கு மருந்து? காலைல எந்திரிக்கறப்ப மூட்டு இறுக்கமா இருக்கா, எங்கயாவது வீங்குதான்னு பாத்துக்குங்க. சில மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்போம்."

"பாத்துக்கறதுன்னா?"

"பாத்துக்கறதுதான்" என்றார் டாக்டரம்மா.

அங்கிருந்து நேரே வேலைக்குப் போனார். ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோயிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட பெண்மணி போட்ட கூச்சலில் கடையே கூடிவிட்டது. "இதோ ஆச்சும்மா, பதறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கதவை விலக்கி, கை கொடுத்து இறக்கிவிட்டார். எப்போதும் செய்வதுபோல ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்தார். இப்போது பயம் வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பசித்தது. சாப்பிட்டார்.

வீட்டில் மனைவி பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடித்ததும், "அப்படியா" என்றாள். சட்டையின் ஒரு கையை நீவி, மறு கையை எடுத்து வைத்தாள்.

கொஞ்சம் கழித்து, "நல்லா இருந்த பிள்ளைய நாமளாத்தான கூட்டிட்டுப் போய்க் கையை நீட்ட வெச்சோம்" என்றாள்.

"போகலேன்னா மட்டும் அது இல்லாமப் போயிருக்குமா?"

"தெரியாமப் போயிருக்கும்."

தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்கள். இங்கே தலைவலியும் போகவில்லை, வந்தது வலியா என்றும் தெரியவில்லை.

இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் வாயாடி இடுப்பில் கை வைத்தாள். "ஏன், அன்னைக்கு எடுத்தது பத்தலையாமா?"

கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த அண்ணன்தான் பேசினான். "நல்லா இருந்தா திரும்பக் கேக்க மாட்டாங்கடி." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒருவேளை மாத்திரை குடுத்தாங்கன்னா, முதல்ல தண்ணிய வாயில வெச்சுக்கோ. கசப்பு தெரியாது" என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று சாப்பாடு வரைக்கும் திறக்கவில்லை.

சில மாதம் போய் மறுபடி எடுத்தார்கள். எதிர்ப்பொருள் அங்கேயேதான் இருந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை. பெண் என்னவோ மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தாள். "இப்படியே பாத்துக்கிட்டிருப்போம்" என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. காலையில் அவள் பல் விளக்கும்போது விரல் மடங்குவதைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுவதை, பொத்தான் போடுவதை, குனிவதை, நிமிர்வதை எல்லாம் கடைக்காரன் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மகனுக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்து போனது. அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது.

"என்னப்பா பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லேன்னா எதுக்குப் பாக்கற?"

ஒரு நாள் காலை அவள் அறையிலிருந்து காலை இழுத்து இழுத்து வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள், முகம் சுளித்திருந்தது. சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். நாலு அடி வந்ததும் பெண் ஒரு குதி குதித்து, "ஏமாந்தீங்களா!" என்று கைதட்டினாள்.

மெக்கானிக் எழுந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். வலது முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. இடதைப் பிடித்தார். அதுவும் குளிர்ந்துதான் இருந்தது. மறுபடி வலதைப் பிடித்தார். கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்க வரவில்லை.

அவள் சிரிப்பு மெல்ல வடிந்தது. "விளையாட்டுக்குத்தான்ப்பா."

அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, திட்டுப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஒரு தடவை திட்டிடுப்பா."

அவர் வாய் திறந்தது. திட்டுவதற்கு ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை.

சமையலறை வாசலிலிருந்து அம்மா வந்தாள். "இன்னொரு வாட்டி இந்த மாதிரி விளையாடிப் பாரு, முதுகுத் தோல உரிச்சு உப்புத் தடவிடறேன். கழுதை! மணி என்ன ஆச்சு, போய்த் தலைய வாரு!"

பெண்ணுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பு எதுக்கு, மொளகாப்பொடி தடவு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு காலும் சரியாகத்தான் தரையில் விழுந்தன.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். புருஷன் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார்.

"எந்திரிங்க" என்றாள். "வேலைக்குப் போகலையா?"

"போகணும்" என்றார்.

அவள் கையைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.