பைக்குப் பெரட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் ஜீவராணி தன் விளையாட்டுப் பையை என் வாசலில் வைத்துத் திறந்தாள். நுவரெலியாப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்த பிறகு ஆட மனமில்லாமல் மூன்று வாரம் மூடிக் கிடந்த பை. உள்ளே ஈரக் காலுறை, ஈரச் சப்பாத்து, பிடியில் பச்சையாய்ப் பூசணம் பூத்த இரண்டு மட்டைகள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“அன்னைக்கும் இப்பிடித்தான் பெரியம்மா, ஈரத்தோட கொண்டுபோனோம். பிடி வழுக்கி மட்டை பறந்து நடுவர் கால்ல விழுந்துச்சு. நாங்க ஆட்டத்துல தோக்கல. இந்தப் பையிலதான் தோத்தோம்.”

ஒருத்தி வாசலில் வந்து இப்படி ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டுப் போனால் எழுதாமல் இருக்க முடியுமா? உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

அக்கரப்பத்தனை மலைகளில் பனிமூட்டம் மெல்ல விலகியபோது, கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் —

அடித்துவிட்டேன். எங்கள் பனி மெல்ல எல்லாம் விலகாது. பதினொரு மணி வரை உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகும். இரண்டாவது தொடக்கம்:

பிக்கிள்போல் எனப்படும் விளையாட்டானது —

இது பள்ளிக்கூடப் புத்தகம். இதையும் விட்டேன். தெரியாதவர்களுக்காகக் கீழே ஒரு குறிப்பு மட்டும் வைக்கிறேன்.*

* ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. பெரிய சோற்றுக் கரண்டி மாதிரி தட்டையான மட்டை. இடுப்பளவு வலை. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். பதினொரு புள்ளி, இரண்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். இவ்வளவுதான். மிச்சத்தை முழங்கால் சொல்லிக்கொடுக்கும்.

2

ஆடுவது எங்கே என்று கேட்பீர்கள். கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் ஒன்று சும்மா கிடந்தது. மேலே தகரம், கீழே சீமெந்துத் தரை. சுண்ணாம்பால் கோடு போட்டு, கொழுந்தெடுக்கையில் இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கில் கிழிந்ததை வலையாகக் கட்டி, வேலை விட்டு வந்த பெண்கள் தினமும் ஒரு மணிநேரம் ஆடினார்கள். அந்த ஒரு மணிநேரம் யாரும் அவர்களிடம் எத்தனை கிலோ என்று கேட்கமாட்டார்கள். என்ன கறி என்றும் கேட்கமாட்டார்கள்.

ஜீவராணிக்கு நாளில் சொந்தமாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

[இந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “என்ன பெரியம்மா, இப்பிடிப் பாவமாக்கிட்டீங்க? மத்த நேரம் நான் செத்தா கெடக்கேன்?” என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆனாலும் வரியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.]

இந்த வருடம் தோட்டத்துக்கு உரம் அடுக்க இடம் தேவைப்பட்டது. மடுவத்தைக் கேட்டார்கள். ஜீவராணி நேரே ஆபீசுக்குப் போய் நின்றாள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சிரித்துக்கொண்டே, “நுவரெலியாவுல கப் எடுத்துட்டு வாங்க, மடுவம் உங்களுக்கு. இல்லாட்டி உர மூட்டைக்கு” என்றார்.

“எழுதித் தாங்க ஐயா.”

சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதித் தந்தார்.

3

இனி பையைப் பார்ப்போம். ஆட்டத்தைப் பற்றிய கதை என்று வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

டவுனில் பைஸர் கடையில் வாங்கிய நீலப் பை. அதைச் சோப்புப் போட்டு அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயில் கண்ட அன்றெல்லாம் கொடியில் தொங்கவிட்டாள். இறுகிப்போன ஜிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்தாள். சப்பாத்துக்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தாள். மட்டையை அடுப்பருகே வைத்தால் விளிம்பு கழன்றுவிடும், சுவரோரம் வைத்தால் பூசணம் பிடிக்கும் என்று கூரை மரத்தில் துணி கட்டித் தூக்கினாள். குளிரில் பந்து விறைத்து வெடிக்கும் என்பதால் நான்கு பந்துக்கும் ஒரு கம்பளிக் காலுறை. நனைந்தது எதுவானாலும் தனிப் பையில். பஸ்ஸுக்கு இறங்கும் குறுக்குவழியில் கடிக்கும் அட்டைக்கு ஒரு துண்டுச் சவர்க்காரம்.

அப்புறம் பெரட்டு வைத்தாள். தோட்டத்தில் தினமும் காலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பதில் குரல் கொடுத்தால் வேலை. குரல் வராவிட்டால் அன்று வேலையில்லை. பைக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் ஜீவராணி அப்படித்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளோடு சேர்ந்து ஆடுகிற மீனம்மா, பிள்ளைக் காம்பராவில் சிறுசுகளைப் பார்த்துக்கொள்கிறவள், பொருளுக்குப் பதிலாகக் குரல் கொடுப்பாள்.

“பந்து நாலு?”

“வந்திருக்கு!”

“பிடி சுத்துற டேப்?”

“இடதுபக்க பாக்கெட்டுல வந்திருக்கு!”

“கத்தரிக்கோல்?”

“வந்திருக்கு சாமி, கொஞ்சம் லேட்டு, மன்னிச்சுக்குங்க!”

இதைக் கேட்கவே லயத்துப் பெண்கள் வாசலில் கூடுவார்கள்.

போட்டியன்று விடியற்காலையிலும் பெரட்டு நடந்தது.

“மட்டை ஒண்ணு?”

“வந்திருக்கு!”

“மட்டை ரெண்டு?”

“வந்திருக்கு!”

வரவில்லை, கண்ணுகளா. ரெண்டாவது மட்டை மீனம்மா வீட்டு ஜன்னலில் இருந்தது.

4

மீனம்மாவை எப்படி எழுதுவது என்று எனக்கு மூன்று நாள் விளங்கவில்லை. முதலில் எழுதியது: மீனம்மா கவனமில்லாதவள் —

அதை எட்டிப் பார்த்துவிட்டு அவளே சண்டைக்கு வந்தாள்.

“கவனமில்லாமயா அக்கா நாப்பது புள்ளைங்களப் பாத்துக்கிறேன்?”

“அப்ப ஏன்டி வந்திருக்குன்னு சொன்ன?”

“விளிம்புக்குப் பசை தடவிப் புதுசா டேப் ஒட்டி ஜன்னல்ல காயப் போட்டிருந்தேன். போறப்ப எடுத்துக்கலாம்னு... வந்துரும்ல அக்கா? நாகலெட்சுமிக்கு இருவது வருசமா அப்பிடித்தான சொன்னேன்!”

நாகலெட்சுமி அவளுடைய கூட்டாளி, பெரட்டுக்கு எப்போதும் பிந்தி வருகிறவள். கொழுந்தெடுத்த காலம் முழுக்க, அவள் பெயர் கூப்பிடும்போதெல்லாம் மீனம்மா குரலை மாற்றி “வந்திருக்கேங்க” என்பாள். நாகலெட்சுமியும் ஓடிவந்து சேர்ந்துவிடுவாள். மட்டைக்குக் காலில்லை என்பது அன்று காலை மீனம்மாவுக்கு நினைவுவரவில்லை.

கவனமில்லாதவள் என்ற சொல்லை அடித்தேன். வேறு சொல் இன்னும் கிடைக்கவில்லை. இடத்தைக் காலியாகவே விடுகிறேன்: மீனம்மா ............ .

5

இறுதி ஆட்டத்தில் அல்ல, முதல் ஆட்டத்துக்குப் பையைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. நான் அவர்கள் பக்கத்தில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தேன். மீனம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஜீவராணி மட்டை இருக்கவேண்டிய இடத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் எதிர்ஜோடி கேலி செய்ததாக ஒரு முழுப் பக்கம் எழுதினேன். காரமாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன், ஏனென்றால் அது பொய். அந்தப் பக்கத்து உயரமான பெண், “மேக்க கன்ன, அக்கே” என்று சிங்களத்தில் சொல்லித் தன் பையிலிருந்து ஒரு மட்டையை நீட்டினாள். எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்கிறாள்! ஆனால் அந்தப் பை! விலையுயர்ந்த பை, உள்ளே எல்லாம் ஒரே குவியல். அடியிலிருந்து இழுத்த மட்டையின் பிடி ஈரத்தில் வழவழத்தது.

நடுவர் இரண்டு நிமிடம் என்றார். ஜீவராணி பையைப் பார்க்கவேயில்லை. கை மட்டும் போனது. உலர்ந்த துணி, டேப், கத்தரிக்கோல் மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. மீனம்மா, பிள்ளைக்குக் குல்லாய் கட்டுகிற வேகத்தில் பிடியைச் சுற்றி முடித்தாள்.

“இன்னும் ஒரு நிமிசம் மிச்சம் இருக்குடி ஜீவா.”

“அந்த நிமிசத்துல ஒங்களத் திட்டலாம்னு பாத்தேன் அக்கா. ஜெயிச்சுட்டுத் திட்டுறேன். வாங்க.”

அந்த ஆட்டம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. இரவல் மட்டையோடு இறுதி ஆட்டம் வரை போனார்கள். கடைசி செட்டில் பத்துக்கு ஒன்பது, எங்கள் சேர்விஸ்.

கெட்டிக்கார எழுத்தாளர்கள் இங்கே நிறுத்தி உங்களைத் தவிக்கவிடுவார்கள். எனக்கு வயது எழுபத்திரண்டு. சந்தோசத்தை ஒளித்துவைத்து விளையாட நேரமில்லை. பந்து நாலைந்து தடவை போய்வந்தது; எதிரே இரண்டு பேரும் பின்னால் நின்று பெரிய அடியை எதிர்பார்த்தார்கள். மீனம்மா, தூங்கின பிள்ளையைப் பாயில் கிடத்துகிறவளைப் போலப் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் மெத்தென்று வைத்தாள். அவர்கள் ஓடி வருவதற்குள் அது இரண்டாம் முறை குதித்துவிட்டது.

பதினொன்று. ஒன்பது. ஜெயிச்சாச்சு!

மட்டை கொடுத்த பெண்தான் முதலில் ஓடிவந்து மீனம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள்.

6

திங்கட்கிழமை ஜீவராணி கப்பையும் கடிதத்தையும் துரையின் மேசையில் வைத்தாள். அவர் தன் கையெழுத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு மடுவத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார். உர மூட்டை ஆபீசுக்குப் பின்னால் போகிறதாம்.

முடிவுக்கு மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) சாவி பூட்டில் திரும்பும் சத்தத்தோடு முடிவது.

(ஆ) வரிசையில் நின்ற முப்பது பெண்களுக்கும் மட்டை நாலுதான் என்று எண்ணி முடிவது.

(இ) ஜீவராணி சொன்னபடியே மீனம்மாவைத் திட்ட வாயைத் திறந்து, அழுது, —

“பெரியம்மா! இன்னுமா எழுதுறீங்க? நாலாவது ஆள் இன்னும் வரல, எந்திரிச்சு வாங்க.” வாசலில் ஜீவராணி.

“முடிவு எழுதலையேடி.”

“படிக்கிறவுங்களுக்கும் கொஞ்சம் வேல குடுங்க. சப்பாத்த மாட்டுங்க, இருட்டப் போகுது!”

கேட்டீர்களா? பிடித்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா, மூன்றும் பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று போடுங்கள். இடது கால் சப்பாத்து போட்டாயிற்று. வலது காலுக்கு நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு நான் அப்படியே